ஊழியத்திலிருந்து ஒப்பந்தப்புள்ளி வரை: காரோட்டு எல்லையில் சாலைகளின் கதை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்த எல்லை ஊர் காரோடு. ஊரைக் கடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஊரம்பும் கொல்லங்கோடும். கழக்கூட்டத்திலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலை இவ்வூரில்தான் கேரளத்தை விட்டு வெளியேறுகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரையிலான சுமார் 16 கிலோமீட்டர் நீளமும் கான்கிரீட் தளம். கேரளத்தின் முதல் கான்கிரீட் தேசிய நெடுஞ்சாலை என்று நாளேடுகள் இதனைப் பாராட்டி எழுதின. ‘தேசிய நெடுஞ்சாலை’ என்னும் தகுதியை ஒட்டிப் பொருள்கொண்டால் அக்கூற்று பிழையன்று. ஆயினும், இதற்குச் சற்று வடக்கே பாறசாலை, களியக்காவிளை வழியாகச் செல்லும் பழைய சாலையின் தாருக்கு அடியில் இன்னொரு கான்கிரீட் தளம் இருக்கிறது. சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் (1936–1947) திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை போட்ட சிமெண்டுச் சாலை அது. அக்காலத்தில் இந்தியாவில் அத்தனை நீளத்துக்குக் கான்கிரீட் சாலை காண்பது அரிது.

இவ்விரு சாலைகளுக்கும் முன்னால் இவ்வழியே இன்னும் பழைய பாதைகள் இருந்தன. அவற்றைச் செப்பனிட்டவர்கள் யார், யாருடைய ஆணையால், எந்தக் கூலிக்கு என்று கேட்டுக்கொண்டே போனால், அரசு ஒரு கட்டுமானப் பணியை யாரிடம் எவ்வாறு ஒப்படைக்கிறது என்னும் வினாவின் வரலாறு முழுவதும் இந்தச் சிறு நிலப்பரப்பிலேயே அகப்பட்டுவிடும்.

திருவிதாங்கூரில் அதன் தொடக்கம் ஊழியம். கோயில்களுக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் பொருள் சுமப்பது, அதிகாரிகளின் பயணத்துக்கு ஆள் கொடுப்பது, வழியும் வரம்பும் செப்பனிடுவது எனப் பல பணிகள் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. கூலி இல்லை, இருந்தாலும் பெயரளவுக்கே. 1815-இல் இராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் வந்த ஆணை, கிறித்தவம் தழுவியோரைக் கோயில் ஊழியத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் விடுவித்தது. ஒரு கிழமையில் ஒரு நாளுக்கு மட்டும் விடுதலை தர அரசாணை தேவைப்பட்டது என்பதிலிருந்தே ஏனைய ஆறு நாள்களின் நிலையை ஊகிக்கலாம். பாறசாலை அப்போது இலண்டன் மிஷன் சங்கத்தின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ், பின்னர்த் தம் இருபத்திரண்டு ஆண்டுத் திருவிதாங்கூர் அனுபவங்களை 1870-இல் நூலாக வெளியிட்டார். அடிமைமுறைக்கும் ஊழியத்துக்கும் எதிராக மிஷனரிகள் எழுதிய விண்ணப்பங்கள் பலவும் இந்தத் தென் வட்டங்களில் அவர்கள் கண்டவற்றிலிருந்து எழுந்தவையே.

கூலி இல்லாத இடத்தில் விலையும் இல்லை. விலை இல்லாத இடத்தில் ஒப்பந்தப்புள்ளிக்கு வேலையே இல்லை. இது வெறும் தருக்கமன்று. ஒரு பாலத்துக்கு என்ன செலவாகும் என்று அரசு கேட்கத் தொடங்கியதே, மண் சுமப்பவனுக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான். அயலே இருந்த சென்னை மாகாணத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ஏரியும் கால்வாயும் காக்க ஊரார் உழைப்புத் தரும் குடிமராமத்து வழக்கம் அங்கே தேய்ந்துகொண்டிருந்தபோது, கரை உடையும் ஆபத்துக் காலத்தில் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க 1858-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

திருவிதாங்கூரில் மாற்றம் டி. மாதவராவ் திவானாக இருந்த 1858–1872 காலத்தில் வேகம் கொண்டது. பழைய மராமத்து ஏற்பாட்டுக்குப் பதிலாக, வில்லியம் பார்ட்டன் தலைமையில் பொறியாளர் துறை ஒன்று 1860-களில் உருவாயிற்று. திருவனந்தபுரத்தின் புத்தன் கச்சேரி, அதாவது இன்றைய தலைமைச் செயலகம், அவர் கட்டியது. பூவாரிலிருந்து தெற்கே கொல்லங்கோட்டுக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் 1860-இல் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரியை எட்ட வேண்டும் என்ற திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. சாலைகள், பாலங்கள், கால்வாய்கள் என்று ஒரே காலத்தில் பல பணிகள் எழுந்தபோது, அவற்றை நடத்தும் முறைகளும் வகைப்பட்டன. பிரித்தானிய இந்தியாவின் பொதுப்பணி விதிகள் மூன்று வழிகளை வகுத்திருந்தன. ஒன்று, துறையே வருகைப் பட்டியலில் ஆள் சேர்த்து நாட்கூலி கொடுப்பது. இரண்டு, இத்தனை கன அடிக்கு இத்தனை என்று வீதம் பேசிச் சிறு சிறு வேலைகளாக விடுவது. மூன்று, பணி முழுவதையும் குறித்த விலைக்கு ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது. மூன்றாவது வழி வளர வளர, ‘யாருக்குக் கொடுப்பது’ என்ற கேள்விக்கு ‘குறைந்த விலை கேட்பவருக்கு’ என்பதே விடையாகப் படிந்துவிட்டது.

சொற்களும் தம் வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. மராமத்து என்பது ‘பழுதுபார்த்தல்’ எனப் பொருள்படும் அரபுச் சொல். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் குடிமராமத்து என்ற கூட்டுச்சொல்லில் ஒதுங்கிவிட, கேரளத்தில் துறையின் பெயரே இன்றும் ‘பொதுமராமத்து’. ‘கராறு’ம் அரபுவழி வந்ததே, மலையாளத்தில் அது ஒப்பந்தம், தமிழிலோ ‘கறாராகப் பேசினான்’ என்ற வழக்கில் கடுமை. ஏலம் என்பது போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்ம்’ என்பதன் திரிபு. எல்லையோர மக்கள் இவை எதையும் பெரிதுபடுத்தாமல் ‘கண்டிராக்கு’ என்றே சொல்லி முடித்துக்கொண்டனர்.

ஏலத்துக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது. சாராயக் கடை, படகுத்துறை, சந்தை வரி என அரசு தன் உரிமைகளைக் குத்தகைக்கு விடும் வழக்கம் திருவிதாங்கூருக்கு நன்கு பழகியது. அங்கே கூடுதலாகக் கேட்பவன் வெல்கிறான். கட்டுமானத்தில் அதே போட்டி தலைகீழாகிக் குறைவாகக் கேட்பவன் வெல்கிறான். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. குத்தகைக்காரன் பணம் கட்டியதும் அரசுக்கு உரியது கிடைத்துவிட்டது. கட்டுமான ஒப்பந்தத்திலோ, விலை முடிவாகும் நாளில் அரசின் கையில் எதுவும் இல்லை. வரப்போகும் பொருள் எத்தகையது என்பது அது வந்த பிறகே தெரியும். பல வேளைகளில் ஐந்தாறு மழைக்காலம் கழிந்த பிறகு.

இந்தக் கவலை மிகப் பழையது. இத்தாலியின் புத்தியோலி நகரில் கி.மு. 105-இல் ஒரு சுவர் கட்டுவதற்கான ஒப்பந்த விதிகளைக் கல்லில் பொறித்துவைத்தனர். நிலத்தைப் பிணையாகக் காட்டினால் பாதிப் பணம். வேலை முடிந்து, ஆய்ந்து ஏற்கப்பட்ட பின் மீதிப் பாதி. ஈராயிரம் ஆண்டு கழித்து வந்த முன்பிணைத் தொகை, இறுதிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் கரு அதிலேயே உண்டு. 1683-இல் பிரான்சின் கோட்டைப் பொறியாளர் வோபான், அமைச்சர் லூவுவாவுக்கு எழுதிய கடிதம் இன்னும் கூர்மையானது. அடிக்கடி விலையைக் குறைக்கச் செய்வதால் முந்தைய ஆண்டுகளின் வேலைகள் முடியாமல் கிடக்கின்றன, நேர்மையும் திறமையும் உள்ளவர்கள் விலகிப்போக வக்கற்றவர்களும் தொழில் தெரியாதவர்களும் போக்கிரிகளும் மட்டுமே ஒப்பந்தம் எடுக்க வருகிறார்கள் என்பது அதன் சாரம். இன்றைக்கு எந்த மாவட்டத்தின் செயற்பொறியாளரும் தம் பெயரில் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பக்கூடிய கடிதம் அது.

விடுதலைக்குப் பின் இரு மாநிலங்களிலும் நிலைபெற்ற நடைமுறையின் ஓட்டம் ஒன்றுதான். முதலில் மதிப்பீடு, பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், பின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, முன்வைப்புத் தொகை, முத்திரையிட்ட உறை. குறித்த நாளில், குறித்த நேரத்தில், வந்திருப்போர் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். பணி நடக்கையில் அளவெடுத்து எம்-புத்தகத்தில் பதிவதும் அதன்மேல் பகுதிப் பட்டியல் எழுதுவதும் தொடரும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அதுவரை ஒரே துறையின் கீழ் இருந்த சாலை களியக்காவிளையில் இரண்டாக வெட்டுப்பட்டது. மண் ஒன்று, கல் ஒன்று, கொத்தனார்களும் பெரும்பாலும் ஒருவரே. விலைப் பட்டியல் மட்டும் இரண்டு. தமிழ்நாடு தன் சொந்த வீதப் பட்டியலைப் பின்பற்ற, கேரளம் பிற்காலத்தில் தில்லி வீதப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அந்தந்த இடத்துக்கான செலவுக் குறியீட்டால் அதனைத் திருத்திக்கொள்கிறது. காரோட்டில் ஒரு கன மீட்டர் கருங்கல்லின் மதிப்பு தில்லியைச் சுற்றிவந்தே முடிவாகிறது என்பது எல்லைக் குவாரிகளை அறிந்தவர்களுக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

இந்த நடைமுறையில் விலை உண்மையிலேயே எங்கே மறைகிறது என்பதைக் காண ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு சாலைக்காக மேடு வெட்ட வேண்டும். அரசின் மதிப்பீட்டில் மண் வெட்டு 9,000 அலகு, பாறை உடைப்பு 1,000 அலகு. முதல் ஒப்பந்தக்காரர் மண்ணுக்கு 100 ரூபாயும் பாறைக்கு 400 ரூபாயும் கேட்கிறார், மொத்தம் 13,00,000. இரண்டாமவர் மண்ணுக்கு 70, பாறைக்கு 600, மொத்தம் 12,30,000. பணி இரண்டாமவருக்கே. ஆனால் அந்த ஊரில் மேல்மண்ணுக்கு அடியில் இருப்பது வெட்டுக்கல்லும் பாறையும் என்பது அவருக்கு முன்பே தெரியும். வெட்டிப் பார்த்தால் மண் 6,000, பாறை 4,000. அவருக்குச் சேரும் தொகை 28,20,000. முதலாமவரிடம் கொடுத்திருந்தால் 22,00,000-இல் முடிந்திருக்கும். விதி எதுவும் மீறப்படவில்லை. குறைந்த விலைதான் வென்றது. அரசு 6,20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது. குற்றம் ஒப்பந்தக்காரரின் தந்திரத்தில் பாதி என்றால், நிலத்தை நன்கு துளையிட்டுப் பார்க்காமல் மேசையிலேயே எழுதப்பட்ட மதிப்பீட்டில் மறுபாதி.

இதைத் தடுக்க வந்தது சதவீத முறை. தனித்தனி இனத்துக்கு விலை கேட்காமல், அரசின் மதிப்பீட்டுக்கு மேல் இத்தனை விழுக்காடு அல்லது கீழ் இத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்பது. இனங்களுக்கிடையே விளையாட இடமில்லை. ஆனால் அரசின் விலைப் பட்டியல் சந்தையைவிடப் பின்தங்கியிருந்தால் எல்லோரும் ‘கூடுதல்’ கேட்பார்கள், அல்லது யாரும் வரமாட்டார்கள். கேரளத்தில் இன்னொரு கணக்கும் சேரும். அரசின் கருவூலம் பட்டியல் தொகையைப் பல மாதங்கள் நிலுவையில் வைப்பது ஒப்பந்தக்காரர்களின் நீண்டகால முறையீடு. நிலுவைப் பட்டியலை வங்கியில் ஈடுகாட்டிக் கழிவுபோகப் பணம் பெற வழிசெய்யும் திட்டத்தை அரசே கொண்டுவர நேர்ந்தது. காத்திருக்கும் காலத்துக்கான வட்டியும் ஒப்பந்தப்புள்ளிக்குள் புகுந்துவிடுகிறது. காத்திருக்க முடியாத சிறு ஒப்பந்தக்காரர் போட்டியை விட்டே வெளியேறுகிறார். விலைக் குறைவைப் பற்றிப் பேசுவோர் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

மெய்யாகவே போட்டி இருந்தாலும் ஓர் இடர் உண்டு. 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்னும் மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடாவின் கடலடி உரிமைகளுக்கான ஏலங்களை ஆராய்ந்து ‘வென்றவனின் சாபம்’ என்ற கருத்தை முன்வைத்தனர். பலர் ஒரே பொருளை மதிப்பிடும்போது, ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அதனை மிகையாக மதிப்பிட்டவரே. கட்டுமானத்தில் அது செலவை மிகக் குறைத்து மதிப்பிட்டவராகும். வென்றபின் உண்மை தெரியவரும்போது அவருக்கு இருக்கும் வழிகள் சில: நட்டத்தை ஏற்பது, பாதியில் நிறுத்துவது, கூடுதல் வேலை என்று வழக்காடுவது, அல்லது சிமெண்டிலும் கூலியிலும் கை வைப்பது. இவற்றுள் எதைத் தேர்வார் என்பதை உறை பிரிக்கும் மேசையில் அறிய முடியாது. இத்தாலியர் இதற்கு ஒரு மாற்று கண்டனர். மிகக் குறைந்த விலைக்குப் பதிலாக, எல்லா விலைகளின் சராசரியை ஒட்டி வருபவருக்குப் பணியைத் தந்தனர். சராசரியைத் தம் விருப்பப்படி நகர்த்துவதற்காக நிறுவனங்கள் குழுக்களாகச் சேர்ந்து புள்ளிகளைக் குவித்தன. துரின் நகரில் அது நீதிமன்றம் வரை சென்றது.

கூட்டுச் சதிக்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர்கள் தமக்குள் பேசிவைத்து ஒருவரை முன்னிறுத்துவதும், மற்றவர்கள் பெயருக்குக் கூடுதல் விலை எழுதுவதும், உறைப்பெட்டி இருக்கும் அலுவலக வாயிலில் ஆள் நிறுத்திப் பிறரைத் தடுப்பதும் இரு மாநிலங்களிலும் ஒருகாலத்தில் யாவரும் அறிந்த வழக்கங்கள். 2002-இன் போட்டிச் சட்டம் இதனை வெளிப்படையாகத் தடைசெய்தது. மின்னணு ஒப்பந்தப்புள்ளி வந்தபின் வாயிலில் நிற்பவருக்கு வேலை போயிற்று. பேசிவைப்பவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது.

சட்டம் தன் பங்கைத் தாமதமாகவே செய்தது. 1979-இல் ரமண தயாராம் ஷெட்டி வழக்கில், தான் அறிவித்த தகுதி விதிகளை அரசே மீறி ஒருவருக்கு ஒப்பந்தம் அளிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் நிறுவியது. 1994-இல் டாட்டா செல்லுலார் வழக்கில், நீதிமன்றம் முடிவெடுத்த முறையை ஆராயுமேயன்றி முடிவின் நன்மை தீமையை எடைபோட்டு அரசின் இடத்தில் அமராது என்று எல்லை வகுத்தது. தமிழ்நாடு 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. கேரளம் தனிச் சட்டம் செய்யாமல் துறைக் கையேடுகளையும் நிதி விதிகளையும் கொண்டே நடத்துகிறது. களியக்காவிளைக்குக் கிழக்கே ஒப்பந்தப்புள்ளி சட்டத்தின் சொல். மேற்கே கையேட்டின் சொல். அறிவிப்பில் இல்லாத சலுகையை வென்றவருக்குப் பின்னர் அளிப்பது, தோற்றவர்களுக்கும் வராமலே இருந்தவர்களுக்கும் இழைக்கும் அநீதி என்பதைக் கேரளம் பாலாரிவட்டம் மேம்பாலத்தில் விவாதித்தது. 2016-இல் திறந்த அம்மேம்பாலம் 2019-இல் மூடப்பட்டது. ஒப்பந்தக்காரருக்கு வட்டியின்றி முன்பணம் தந்ததாக எழுந்த குற்றச்சாட்டும் ஊழல் தடுப்பு வழக்கில் இடம்பெற்றது.

அதே மேம்பாலத்தை மறுபடி கட்டி 2021-இல் திறந்தது தில்லி மெட்ரோ நிறுவனம். அதன்கீழ் வேலை செய்தது ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். இச்சங்கத்தின் கதை ஒப்பந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. வடகரைப் பக்கம் வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் ஈடுபட்டதால் நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்த கூலித் தொழிலாளர் சிலர், 1925-இல் தாமே ஒரு சங்கமாகி ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கினர். ஒப்பந்தக்காரரும் உழைப்பாளியும் ஒருவரே ஆன அமைப்பு அது. இத்தகைய சங்கங்களின் விலை மிகக் குறைந்த விலையைவிட 10 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தாலும் முன்னுரிமை தரலாம் எனக் கேரள அரசு விதி செய்தது. போட்டியைக் கெடுக்கும் சலுகை என்று தனியார் ஒப்பந்தக்காரர்கள் இதனை எதிர்த்துவருகின்றனர். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை, குறிப்பாகச் சங்கம் பெருநிறுவனமாக வளர்ந்துவிட்ட பின்னர். எனினும் அந்தப் பத்து விழுக்காடு, மலிவான கூலியால் மலிவாகும் விலையை அரசு போட்டியின் வெற்றியாக எண்ணாது என்பதற்கு எழுத்தில் கிடைத்த அரிய ஒப்புதல். ஊழியத்தின் நினைவு உள்ள ஒரு நாட்டில் அதற்குப் பொருள் உண்டு.

இனிக் காரோட்டுக்கு மிக அருகில் உள்ள பெரிய வழக்கு. புறவழிச்சாலையின் கான்கிரீட் பகுதிக்கு மறுமுனையான முக்கோலை, விழிஞ்ஞம் துறைமுகத்தின் வாயில். அத்துறைமுகத்தைக் கட்டும் உரிமைக்குக் கேரளம் நடத்திய போட்டிகளை வரிசைப்படுத்தினால், போட்டி முறை தோற்கக்கூடிய வழிகளில் பெரும்பாலானவை அங்கே கிடைக்கும். முதற்சுற்றில் வென்ற கூட்டமைப்பில் சீன நிறுவனம் இருந்ததால் 2006-இல் மத்திய அரசு பாதுகாப்பு அனுமதி மறுத்தது. அடுத்த சுற்றில் 2008-இல் லான்கோ கொண்டப்பள்ளி கூட்டமைப்பு தேர்வாயிற்று; போட்டியில் தோற்ற நிறுவனம் நீதிமன்றம் சென்றது; இழுபறியில் லான்கோவே விலகிக்கொண்டது. அதற்கும் அடுத்த சுற்றில் வெல்ஸ்பன் நிறுவனம் அரசிடம் கேட்ட மானியம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று 2012-இல் கைவிடப்பட்டது.

நான்காவது சுற்றில் ஐந்து நிறுவனங்கள் முன்தகுதி பெற்றன. மூன்று நிறுவனங்கள் ஆவணம் வாங்கின. 2015 ஏப்ரலில் புள்ளி அளித்தது அதானி குழுமம் ஒன்று மட்டுமே. போட்டியின் அளவுகோல், யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறார் என்பது. ஒருவரே ஓடும் பந்தயத்தில் ‘மிகக் குறைந்த’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்கலாம். கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பிய அரசுக்கு நான்காம் முறையும் பெட்டியை மூடிவைக்கும் துணிவு எளிதில் வராது. 1,635 கோடி ரூபாய் மானியத்தில், 40 ஆண்டு உரிமையோடு 2015 ஆகஸ்ட் 17-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வழக்கமான 30 ஆண்டுக்கு மாறாக 40 ஆண்டு தந்ததை 2017-இல் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை குறைகூறியது. அதில் அரசியல் நிறையக் கலந்துவிட்டது. அரசியலை நீக்கிப் பார்த்தால் எஞ்சும் செய்தி எளியது. போட்டி எத்தனை கடுமையாக இருக்கும் என்பதை அறிவிப்பு நாளுக்கு வெகு முன்பே, இடரை எந்தத் தரப்பின் தலையில் எவ்வளவு வைக்கிறோம் என்ற பங்கீடே முடிவு செய்துவிடுகிறது.

ஒப்பந்தப்படி 2019 டிசம்பரில் முடிய வேண்டிய முதற்கட்டப் பணி, முதல் பெருங்கப்பலை 2024 ஜூலையில்தான் வரவேற்றது. தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் 2017-இன் ஒக்கி புயல் ஒன்று. கருங்கல் கிடைக்காமை இன்னொன்று. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவருக்கு இலட்சக்கணக்கான டன் கல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலிருந்து எல்லை கடந்து கல் செல்வது குறித்து அங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. களியக்காவிளை வழியே போன பார ஊர்திகளைப் பற்றிய முறையீடுகள் ஓய்ந்தபாடில்லை. ஒப்பந்த ஆவணத்தில் கல் என்பது ஒரு வரி. அந்த வரிக்குள் ஒரு மலை இருக்கிறது, அதன் அடிவாரத்தில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது புள்ளி பிரிக்கும் நாளில் யார் கணக்கிலும் சேர்வதில்லை.

சாலைக்கும் இதே நிலைதான். காரோட்டில் முடியும் புறவழிச்சாலைக்குப் பின்பற்றியது, வடிவமைப்பு, பொருள் கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒட்டுமொத்த விலைக்கு ஒப்படைக்கும் முறை. முக்கோலை–காரோடு பகுதி எல் அண்ட் டி நிறுவனத்துக்குக் கிடைத்தது. சுங்கம் வசூலித்து முதலைத் திரும்பப் பெறும் ஒப்பந்தங்கள் 2012-ஐ ஒட்டி நாடெங்கும் எடுபடாமல் போன பின்னர், மத்திய அரசு இம்முறைக்குப் பெரிதும் திரும்பியது. முதலீட்டை அரசும் நிறுவனமும் பகிரும் கலப்பு முறை 2016-இல் வந்தது. ஒட்டுமொத்த விலை முறையில் முன்சொன்ன மண்–பாறைத் தந்திரம் செல்லாது. எத்தனை பாறை வந்தாலும் விலை ஒன்றே. ஆனால் அளவு மாறும் இடர் இப்போது முழுவதும் நிறுவனத்தின் தோளில். அதனைத் தாங்கும் வலு பெருநிறுவனங்களுக்கே உண்டு. நெய்யாற்றின்கரையிலும் மார்த்தாண்டத்திலும் தலைமுறையாகச் சாலைப்பணி எடுத்தவர்கள், பெருநிறுவனத்தின் கீழ் மண்ணடிக்கும் உள் ஒப்பந்தக்காரர்களாயினர். உள் ஒப்பந்தத்துக்கு வெளிப்படையான புள்ளி கிடையாது. பழைய கங்காணி–மேஸ்திரி ஏணியின் புதிய படிகள் அங்கே தொடங்குகின்றன.

எல்லைக்கு அப்பால் அதே சாலையின் தொடர்ச்சி, காரோடு–வில்லுக்குறி, வில்லுக்குறி–கன்னியாகுமரி எனப் பகுக்கப்பட்டு இதே முறையில் ஒப்படைக்கப்பட்டது. குளங்களும் வயல்களும் நிறைந்த தாழ்நிலத்தில் உயர்ந்த கரை போட்டுச் செல்லும் சாலை அது. மண் ஏராளமாகத் தேவை. மாவட்டத்தில் மண் எடுக்கக் கட்டுப்பாடு, குளங்களைத் தூர்ப்பதற்கு எதிர்ப்பு, வெளி மாவட்டத்திலிருந்து கொண்டுவரக் கூடுதல் செலவு. ஒட்டுமொத்த விலையில் மண்ணின் விலை இத்தனை ஏறும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. பணி பல ஆண்டுகள் இழுபட்டது; முதல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்து, எஞ்சிய வேலைக்குப் புதிதாக மதிப்பீடு எழுதி மறுபடி ஒப்பந்தப்புள்ளி கோரினர். முதல் சுற்றில் மிகக் குறைந்ததாக இருந்த விலை, இரண்டு சுற்றையும் கூட்டி, காத்திருந்த ஆண்டுகளில் பழைய சாலையில் நேர்ந்த நெரிசலையும் விபத்துகளையும் சேர்த்தால் எவ்வளவு ஆகிறது என்பதற்கு எம்-புத்தகத்தில் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட கொள்முதல் அறிவுறுத்தல், தரம் முதன்மை பெற வேண்டிய கட்டுமானப் பணிகளில் விலை அல்லாத தகுதிகளுக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. இதனை அஞ்சுவோருக்கும் காரணம் உண்டு. விலை என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய எண். தகுதி மதிப்பெண் ஒரு குழுவின் கருத்து. கருத்து நுழையும் வாயிலில் வேண்டியவரும் நுழையலாம். குறைந்த விலை விதி பிறந்ததே அதிகாரியின் விருப்புவெறுப்பைக் கட்டிப்போடத்தான் என்பதை நினைத்தால், அதனை முற்றிலும் கைவிடச் சொல்வோரின் குரல் சற்றே அவசரக் குரலாகத் தோன்றும். நிலத்தைத் துளையிட்டுப் பார்த்தபின் மதிப்பீடு எழுதுவதும், பட்டியலுக்குக் காலத்தில் பணம் தருவதும், உள் ஒப்பந்தங்களின் கூலி வீதத்தை வெளியிடச் செய்வதும் விதி எதனையும் மாற்றாமலே செய்யக்கூடியவை.

பாறசாலை வழியே செல்லும் பழைய திருவிதாங்கூர்ச் சாலையில் இன்று தார் பெயர்ந்தால் போட்டிக்கு வருவது பழுதுபார்ப்புக்கான சிறு ஒப்பந்தம். உள்ளூர்க்காரர்கள் இன்னும் நேரடியாகப் புள்ளி அளிக்கக்கூடிய வேலைகளில் அதுவும் ஒன்று.